ராமநாதபுரம் கடற்கரையில் முகில் அறை: மியுவான் தடம் பார்க்கும் முறை

தொண்டியானாலும் பாம்பனானாலும், பள்ளி ஆய்வகத்திலேயே முகில் அறை செய்து விண்ணிலிருந்து வரும் மியுவான்களின் தடத்தைக் கண்ணால் பார்க்கலாம். மியுவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள். முகில் அறை என்பது குளிர்ந்த ஆல்கஹால் ஆவி நிறைந்த பெட்டி; மின்னூட்டமுள்ள துகள் பாயும் வழியில் ஆவி துளிகளாகி வெள்ளைக் கோடு போடும். 1932இல் இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டது முகில் அறையில்தான். குளிர்நாட்டுச் செய்முறைகள் மேல்பக்கத்தைச் சூடேற்றச் சொல்லும். நம் ஊரில் அதற்குத் தேவையில்லை, அறையின் 30 டிகிரி வெப்பமே போதும். இங்கே தொல்லை தருவது கடற்காற்றின் ஈரம்தான்.

30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள மீன்தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தொட்டியே வேண்டும். அக்ரிலிக் என்றால் ஆல்கஹால் பட்டு நுண்விரிசல் விடும். தொட்டியின் உள்ளடியில் ஃபெல்ட் துணியைச் சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள். சாதாரணப் பசை கரைந்து துணி விழுந்துவிடும். தொட்டியைக் கவிழ்த்து வைக்க, பளபளப்பில்லாத கறுப்பு பூசிய 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்று வேண்டும்.

தகட்டைக் குளிர்விக்க டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, 2 கிலோ வேண்டும். வரும் வழியிலேயே ஒரு பங்கு ஆவியாகிவிடும் என்பதால் வெளியூரிலிருந்து 4 கிலோவாக வரவழையுங்கள். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி இதற்குச் சரியாக இருக்கும். மூடியை மட்டும் இறுக்கி ஒட்டாதீர்கள், வாயு அழுத்தத்தில் பெட்டி வெடிக்கும். ஐஸ் கம்பெனிக் கட்டியில் உப்பைக் கொட்டினாலும் மைனஸ் 21 டிகிரிக்குக் கீழே போகாது, அது போதாது. டிரை ஐஸ் மைனஸ் 78 டிகிரி. தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தரையோடு தேங்கும். கதவு திறந்திருக்கட்டும், பிள்ளைகளைத் தரையில் உட்கார வைக்காதீர்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதமாக இருக்க வேண்டும். சானிடைசர் உதவாது. திறந்து வைத்த பாட்டில் இங்கே விரைவில் ஈரம் இழுத்துவிடும், அதனால் புதுப் பாட்டிலையே திறந்து பயன்படுத்துங்கள். பக்கத்தில் அடுப்பு, மெழுகுவத்தி எதுவும் எரியக் கூடாது.

ஃபெல்ட்டில் 40 மி.லி. ஊற்றி நனையுங்கள். தகட்டின் மேலும் 10 மி.லி. பரப்புங்கள், உள்ளே சிக்கிய ஈரத்தை அது கரைத்துக்கொள்ளும். தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பு முழுவதும் டேப் ஒட்டுங்கள். பொடித்த டிரை ஐஸின் மேல் தகட்டை அழுத்தி வையுங்கள். மின்விசிறியை நிறுத்தி, அறையை இருட்டாக்கி, எல்.இ.டி. டார்ச்சைத் தகட்டை ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தகட்டுக்கு மேலே மெல்லிய தூறல் தெரியும். தடம் விழுவது கீழே உள்ள ஓரிரு சென்டிமீட்டர் அடுக்கில் மட்டும்தான்.

தகடு வெள்ளையாகப் பூத்தால் எங்கோ ஓட்டை வழியே காற்று நுழைகிறது. ஆல்கஹால் மைனஸ் 89 டிகிரி வரை உறையாது, எனவே அந்த வெள்ளை தண்ணீர்தான். சுரண்டிப் பயனில்லை, தகட்டைத் துடைத்துக் காயவைத்து, புது டேப்போடு முதலிலிருந்து தொடங்குங்கள். தூறல் சுழன்றாலும் ஓட்டைதான் காரணம். தூறலே இல்லையென்றால் தகட்டுக்கும் டிரை ஐஸுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும்.

நேராக, மெலிதாக, நீளமாக ஓடும் கோடு பெரும்பாலும் மியுவான். கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் விழுகிறது; இந்தத் தகட்டில் நிமிடத்துக்கு 600. ஆனால் செங்குத்தாக விழுபவை மிகச் சிறிதாகவே தெரியும், சாய்ந்து வருபவையே நீளக் கோடு போடும். சுருண்டு நெளிவது எலக்ட்ரான். குட்டையாய்த் தடிப்பாய் இருப்பது ஆல்ஃபா, அதாவது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த துகள். ஆல்ஃபாவை உறுதியாகக் காட்ட, டிக் வெல்டிங் பட்டறையில் சிவப்பு முனை டங்ஸ்டன் கம்பி ஒன்று கேளுங்கள். அதில் ஆல்ஃபாவை உமிழும் கதிரியக்கத் தோரியம் 2 சதவீதம் உண்டு. கம்பியைத் தீட்டாதீர்கள், அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது.

ஐரோப்பாவின் செர்ன் துகள் ஆய்வகத்தில் உள்ள சி.எம்.எஸ். என்ற பெரிய உணர்கருவியில் புரோட்டான்களை மோதவிடும் முன், 2008இல் இதே விண்மியுவான்களை கோடிக்கணக்கில் பதிவு செய்துதான் அதன் உணர்பகுதிகளின் இருப்பிடத்தைச் சரிபார்த்தார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். தகட்டில் ஓடும் கோட்டின் மதிப்பு அப்போது புரியும்.

மிச்ச டிரை ஐஸைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், பீங்கான் விரிசல் விடும். பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். ஆள் நடமாட்டமில்லாத திறந்த வெளியில் பரப்பிவிட்டால் தானே ஆவியாகிவிடும்.