வீட்டுக் கணினிக்கு நாமே இழைக்கும் தவறுகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கணினி சர்வீஸ் கடையில் சிறிது நேரம் நின்றால் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: "நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை சார், தானாக வைரஸ் வந்துவிட்டது." தானாக வருவதும் உண்டு. 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிவைத்த வான்னாக்ரை என்ற வைரஸ், யாரும் எதையும் சொடுக்காமலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. ஆனால் வீடுகளுக்குள் நுழைபவற்றில் பெரும்பாலானவை நம் கையால் திறந்து, நம் கையால் 'எஸ்' அழுத்தி உள்ளே விடப்பட்டவை. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. பலன் அதிகம் தருவது இந்த இரண்டாவது கேள்விதான்.

பெரிய தவறு பல வீடுகளில் கணினி வாங்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது. உதிரி பாகங்களைச் சேர்த்துக் கணினி செய்துதரும் தம்பி, "விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் போட்டுத் தருகிறேன் அண்ணா, தனியாகக் காசு வேண்டாம்" என்கிறார். விலைக்கு விற்கும் மென்பொருள் காசில்லாமல் வந்தால் அது திருட்டுப் பிரதி. அதை இயங்க வைக்க அவர் ஒரு சிறிய புரோகிராமை ஓட்டுகிறார். அது முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான். அணைத்துவிட்டு ஓட்டிய பிறகு அது உள்ளே வேறு என்னவெல்லாம் செய்தது என்பது அவருக்கும் தெரியாது. அவருக்கே அந்தக் கோப்பு யாரோ பென் டிரைவில் கொடுத்ததாக இருக்கும்.

உங்கள் கணினி எப்படிப்பட்டது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் சிஸ்டம் (விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி), அதற்குள் ஆக்டிவேஷன் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக விண்டோஸ் உயிர்ப்பிக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஆங்கில வாக்கியம் ஒன்று அங்கே இருக்கலாம். அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் அது சரி. திருவையாற்று வீட்டுக் கூடத்தில் இருக்கும் சொந்தக் கணினிக்கு ஏது நிறுவனம்? அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். சி டிரைவ் முழுவதுமோ, நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் ஏதாவதோ அதில் இருந்தால், அந்த இடத்தை ஆன்டிவைரஸ் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று பொருள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகையில், ஸ்டாப் அல்லது டிஜேவு எனப்படும் குடும்பம் வீட்டுக் கணினிகளை ஏராளமாகத் தாக்கியது. அது பரவிய முக்கிய வழி இதே திருட்டு மென்பொருள்கள்தான். கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் மட்டும் கணினி வைத்திருப்பவருக்கு லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். அது முறையாகவே இலவசம்.

இரண்டாவது தவறு, அப்டேட்டை ஒத்திப்போடுவது. வான்னாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது மே 12 அன்று. ஜூன் 12ல் மேட்டூரில் தண்ணீர் திறப்பார்கள் என்று தெரிந்தும் வாய்க்கால் கரையின் உடைப்பை அடைக்காமல் விட்டதைப் போல, இரண்டு மாத அவகாசத்தை உலகம் வீணடித்தது. 2011ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது இப்போது தங்கையின் கையில் இருக்கும். அவற்றில் ஆரம்ப காலத்தவை விண்டோஸ் 7 உடன் வந்தவை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11ஐத் தாங்காத பழைய கணினியை எறிய வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் வங்கி வேலை செய்வதற்கும் விண்டோஸ் 7ல் செய்வதைவிட நிம்மதி.

பென் டிரைவ் தனிக் கதை. 1986ல் லாகூரிலிருந்து கிளம்பி ஃபிளாப்பி வழியாக உலகம் சுற்றிய பிரெய்ன் வைரஸின் காலத்திலிருந்து, கையில் எடுத்துப்போகும் வட்டுதான் வைரஸுக்கு வாகனம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது ஜெராக்ஸ் கடைகளில் கூட்டத்தைப் பாருங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் பென் டிரைவில் வரும். நாள் முழுக்க அத்தனையும் ஒரே கணினியில் செருகப்படும். வீட்டுக்கு வந்து திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் போலியை வைப்பது அந்த வைரஸின் வேலை. சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். ஆகவே சந்தேகமே வராது. அப்படிப்பட்ட ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை வியூ பகுதியில் இயக்கினால் அசல் பத்திரமாக இருப்பது தெரியவரலாம். ஸ்கேன் செய்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். இன்னும் எளிய வழி, அச்செடுக்கவென்றே ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்வது. அதில் நகல்களை மட்டும் கொண்டுபோய், திரும்பி வந்ததும் உள்ளே எதையும் திறக்காமல் ஃபார்மட் செய்துவிடுங்கள். கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சலையோ வாட்ஸ்அப்பையோ திறந்து அப்படியே விட்டுவிட்டு வருவது பென் டிரைவைவிட மோசம்.

தமிழில் தட்டச்சு செய்ய ஏதோ ஒரு தளத்திலிருந்து புரோகிராம் இறக்குவதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. தட்டச்சு மென்பொருள் என்பது நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பார்க்கும் ஒன்று. உளவு மென்பொருளில் கீலாகர் என்ற வகைக்கும் அதே இடம்தான் வேண்டும். எனவே அதைச் செய்தவர் யார், எங்கிருந்து இறக்குகிறோம் என்பது மற்ற மென்பொருள்களைவிட இதற்கு முக்கியம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் விசைப்பலகை கூடவே வருகிறது. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். வேறு வேண்டுமானால் உருவாக்கியவரின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். 'டவுன்லோடு' என்ற பச்சைப் பொத்தான் நான்கு இருக்கும் பக்கத்தில் நான்குமே விளம்பரமாக இருக்க வாய்ப்பு உண்டு.

திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் செய்திகள் பல நேரம் வைரஸே இல்லை. பாட்டு இறக்கும் தளத்திலோ சீரியல் பார்க்கும் தளத்திலோ என்றோ 'அலவ்' அழுத்தியதன் விளைவு. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை நீக்கினால் நின்றுவிடும். இதற்காகக் கணினியை ஃபார்மட் அடிக்கக் கொடுத்துப் பணம் இழந்தவர்கள் உண்டு.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சத்தத்துடன், "உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும் எச்சரிக்கை வேறு ரகம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விடவில்லை என்றால் ஆல்ட்டையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்தி மூடிவிடுங்கள். அந்த எண்ணை அழைத்தால் எதிர்முனை மிகப் பணிவாகப் பேசி, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க விடும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணைக் கேட்கும். கொடுத்தபின் கணினி அவர்கள் கையில். மகன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் டெல்டாவில் நிறைய. அங்கே இந்த வலை எளிதாகச் சிக்க வைக்கிறது, ஏனெனில் அப்பாவுக்கு எனிடெஸ்க் ஏற்கெனவே பழக்கம். மகன் அதன் வழியாகத்தானே பிரிண்டரைச் சரிசெய்தான். மகன்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள். எப்போதும் நுழையும்படி நிரந்தரக் கடவுச்சொல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெற்றோர் தினமும் புழங்கும் கணக்கை அட்மின் உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். கடவுச்சொல் கேட்டுத்தான் எதுவும் நிறுவ முடியும் என்றால், "மகனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணமாவது கிடைக்கும்.

அரசுத் தளம் என்று நினைத்துப் போலித் தளத்தில் ஆதார் எண்ணைக் கொடுப்பவர்கள் முகவரியின் தொடக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். தொடக்கத்தில் 'https://' இருந்தால் அதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'டாட் ஜிஓவி டாட் இன்' (.gov.in) என்று முடிந்தால் அரசு. அது நடுவில் வந்து வேறு எதிலோ முடிந்தால் போலி. பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம், மோசடித் தளத்துக்கும் அது கிடைக்கும்.

ரௌட்டரை மாட்டியவர் விட்டுப்போன 'அட்மின், அட்மின்' கடவுச்சொல்லை மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே கடவுச்சொல் வேண்டாம். மின்னஞ்சலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயம், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றும் வழி அதுதான். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாகப் போட்டால் அவை ஒன்றோடொன்று மோதும். விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பது என் கருத்து.

நகல் எடுக்கும் விஷயத்தில் ஒரு தவறு பரவலாக இருக்கிறது: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை எப்போதும் கணினியிலேயே செருகி வைப்பது. ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். நகல் எடுத்ததும் கழற்றி வையுங்கள். இன்னொரு நகல் வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம் பகுதியில் கூரையோடு போனவற்றில் அலமாரியும் இருந்தது, அதிலிருந்த பத்திரங்களும் இருந்தன.

பணம் போய்விட்டது என்றால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள், பிறகு இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்கைத் தாண்டுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் தரும் புகார் எண்ணை எழுதி வையுங்கள். கடவுச்சொற்களை மாற்ற அந்தக் கணினியைப் பயன்படுத்த வேண்டாம். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ மாற்றி, எல்லா இடத்திலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்துங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளத்தையும் உளவு மென்பொருள் எடுத்துப்போயிருக்கலாம். அந்த நிலையில் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் திருடியவர் உள்ளேயேதான் இருப்பார்.