பரம்பரைக் கொழுப்பு: ஃபைலை மூடும் முன்

எண்ணெயைக் குறை, நடை போ என்று சொல்ல யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பரம்பரையாக ரத்தத்தில் கொழுப்பு ஏறும் நோயில், எங்கள் பிரிவுக்கு வரும் பயிற்சி மருத்துவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தப்புகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

வந்தவரோடு நிறுத்திவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முழங்கையிலும் முட்டியிலும் குதிகாலுக்கு மேலேயும் மஞ்சள் மஞ்சளாகக் கட்டிகளோடு ஒரு சிறுமி வந்தாள். வேறோர் இடத்தில் மரு என்று வெட்டி எடுத்திருக்கிறார்கள், மறுபடி முளைத்துவிட்டது. ரத்தம் பார்த்தால், கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்டிஎல் 500-ஐத் தாண்டி நிற்கிறது. பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். எல்டிஎல்லைக் கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு, இரண்டு பக்கமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்திருக்கிறது. கவனிக்காமல் விட்டால் இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரலாம்.

பயிற்சி மருத்துவர் நோயின் பெயர், மாத்திரை, எக்கோ எல்லாம் ஒழுங்காக எழுதினார். 'குடும்பத்தில் இதய நோய்: இல்லை' என்றும் எழுதி ஃபைலை மூடினார். அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு எதிரிலேயே நின்ற அப்பாவின் ரத்தத்தை யார் எடுப்பது? பிள்ளையிடம் பழுது இரண்டு என்றால் பெற்றோரிடம் ஆளுக்கு ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்! நாற்பதைத் தொடும் முன்பே நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார் அந்த மனிதர். எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை அன்றைக்கே தொடங்கியிருக்கலாம்.

ஒரு பழுது மட்டும் உள்ளவர்கள் சுமார் 250 பேரில் ஒருவர். அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுது போய்ச் சேர 50 சதவீத வாய்ப்பு. "வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "ஐம்பது வயதுக்குள் திடீரென்று யாராவது போனார்களா?" என்று கேளுங்கள். "எங்க பெரியப்பா, தூக்கத்திலேயே போயிட்டாரு" என்று ஆரம்பிப்பார்கள். சொந்தத்தில் கட்டியதைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பக்கமும் ஒரே தாத்தா பாட்டி என்பது விசாரிக்கிற நமக்கு வசதிதான்.

ஒல்லியானவருக்கு வராது

வரும்.

எச்டிஎல் அதிகம், அதனால் கவலையில்லை

நல்ல கொழுப்பு என்று பெயர் வாங்கிய எச்டிஎல்லைப் பிறவியிலேயே கூட்டும் ஒரு மரபணு மாற்றம் இருந்தும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012-லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்துவிட்டது. எல்டிஎல் கதை வேறு. எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் புரதத்துக்கான பிசிஎஸ்கே9 மரபணு செயலிழந்து, பிறந்ததிலிருந்தே எல்டிஎல் 28 சதவீதம் குறைவாக இருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. 2006-இல் வெளியான ஆய்வு அது.

மரபணுச் சோதனை நெகட்டிவ், அதனால் மாத்திரை வேண்டாம்

சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் பல சேர்ந்தும் எல்டிஎல் ஏறும். அறிக்கை எப்படி வந்தாலும் ஏறிய எண்ணை இறக்கியாக வேண்டும்.

லிப்போபுரோட்டீன்-ஏ பார்க்காமல் விடுவது

எல்டிஎல் போலவே ரத்தக் குழாயில் படியும் இன்னொரு கொழுப்புத் துகள் இது. இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே முடிவு செய்கிறது, டயட் அசைக்காது. வாழ்நாளில் ஒரு தடவையாவது பாருங்கள். வழக்கமான ரத்தக் கொழுப்புச் சோதனையில் (லிப்பிட் புரொஃபைல்) வராது, தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.