கொழிஞ்சாம்பாறைப் பனங்காட்டில் ஒரு கௌபாய் குறும்படம்

தண்ணீர், மேய்ச்சல், மாடு. கௌபாய் படங்களில் பெரும்பாலும் சண்டை இவற்றுக்குத்தான். வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு வராத கோபம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கத்துப் பதினைந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். நாயகனும் அதே வயசில் இருக்கட்டும், படம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

1960களில் இத்தாலியர்கள் டெக்னிஸ்கோப் முறையில், ஃபிரேமுக்கு ஃபிலிம் ஓரத்து நான்கு துளைக்குப் பதில் இரண்டு துளை அளவே ஃபிலிம் ஓட்டி, பாதி ஃபிலிமில் அகலத்திரைப் படம் எடுத்தார்கள். உங்களுக்கு 1920×1080 பிக்சல் வீடியோ போதும். மேலும் கீழும் 131 பிக்சல் வெட்டினால் ஏறக்குறைய 2.35:1 என்ற அகலத்திரை விகிதம் கிடைக்கும். மானிட்டரில் அந்தப் பட்டைகளைக் கறுப்பு டேப்பால் மறைத்துவிட்டே ஷாட் வையுங்கள். இங்கே சிக்கல் பனைமரம். பக்கத்தில் நின்றால் வெறும் தடிதான் தெரியும், கொண்டை வெட்டுப்படும். நன்றாகத் தள்ளிப் போய், கேமராவை இடுப்புயரத்துக்கு இறக்குங்கள். காற்றாலை, மின்கம்பி தெரிந்தால் கோணத்தை மாற்றுங்கள். கிராஃபிக்ஸில் அழிக்கலாம் என்று விட்டால் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு நாளைத் தின்னும். வெயில் உச்சியில் இருக்கும்போது தொப்பி நிழலில் கண்ணே தெரியாது. காலை ஒன்பதரைக்குள், மாலை நாலுக்குப் பிறகு எடுங்கள்.

மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வீசும். தொப்பிக்குள் மெல்லிய எலாஸ்டிக் தைத்துப் பின்மண்டை முடிக்குள் மறையுங்கள். ஸ்பாட்டில் பதியும் ஒலி வாயசைவுக்கு வழிகாட்ட மட்டுமே. பேசிய தொனி மறப்பதற்குள், அன்று மாலையே கம்பளி தொங்கவிட்ட அறையில் டப்பிங் முடியுங்கள். அந்த இத்தாலியப் படங்களுக்கும் பெரும்பாலும் பிறகுதான் குரல் சேர்த்தார்கள்.

குதிரை ஒன்று, அரை நாள் வாடகை. தூர ஷாட்டில் குதிரைக்காரரே நாயகன் உடையில் ஓட்டட்டும். நாயகனின் குளோசப்பைக் குட்டிச்சுவரில் சேணம் போட்டு உட்காரவைத்து எடுக்கலாம். உடம்பு ஆட வேண்டும், பின்னணியில் வானம் மட்டும் இருக்க வேண்டும். வேலியோ மரமோ தெரிந்தால் நகராமல் நிற்பது காட்டிக்கொடுக்கும்.

துப்பாக்கி பொம்மைதான், வெற்றுத் தோட்டாகூட வேண்டாம். அதோடு ஊருக்குள் திரிந்தால் ஜனம் பயப்படும். காவல் நிலையத்தில் நாளும் இடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சுடும்போது துப்பாக்கி முனையில் தெரியும் வெளிச்சத்தை எடிட்டிங்கில் ஒரே ஃபிரேமுக்கு வையுங்கள். சுடுபவர் 100 மீட்டர் தள்ளி நின்றால், நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் சத்தத்தை 7 ஃபிரேம் தாமதமாகப் போடுங்கள். அப்போதுதான் காட்டின் அகலம் காதில் விழும்.