குடிபெயர்ந்த பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பெறுவது எப்படி

கனடாவின் ஒன்ராறியோவில் குடியேறிய தெற்காசியப் பெண்கள் இப்பரிசோதனைக்குக் குறைவாகவே செல்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுவது வருத்தமளிக்கிறது; ஏனெனில் இந்நோய் உருவாகுமுன்பே கண்டறிந்து தடுக்கக்கூடியது.

மாகாணச் சுகாதார அட்டை கிடைத்ததும் குடும்ப மருத்துவரிடம் எச்பிவி (பாலுறவு வழியே பரவி இப்புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமி) பரிசோதனையைக் கேளுங்கள். 25 முதல் 69 வயது வரை, முடிவு இயல்பாக இருந்தால் பெரும்பாலோருக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும், கட்டணமில்லை. கணவரைத் தவிர வேறு உறவில்லை, அறிகுறியுமில்லை என்று தள்ளிப்போடாதீர்கள்: இக்கிருமி பல ஆண்டுகள் உடலில் வெளித்தெரியாமல் தங்கக்கூடியது.

கூச்சமிருந்தால், பெண் மருத்துவரோ தாதியோ வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். மகனையோ கணவரையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதைவிட மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நல்லது. மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தப்போக்கைப் பற்றி அவர்கள்முன் மனம்விட்டுப் பேசுவது பலருக்குக் கடினம். அவ்வாறு இரத்தம் கண்டால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.