பங்க்குக்குக் கீழே இருக்கும் ஊற்றிலிருந்து தொடங்குங்கள்

பெட்ரோல் பங்க்கில் கசிவு என்று கூப்பிட்டால், சமவெளியில் நேராக டேங்க் ஓரத்தில் போய்த் துளை போடுவார்கள். நீலகிரியில் நான் அப்படிச் செய்வதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு முதலில் சரிவில் இறங்குவேன். தேயிலைக்கு நடுவே எங்கே ஊற்று, எங்கே கிணறு, எந்த வீட்டுக்கு எங்கிருந்து குழாய் போகிறது என்று நோட்டில் ஒரு படம் போட்டுக்கொள்வேன். இந்த மலையில் மேலே மண்ணுக்குள் இறங்கியது என்றாவது ஒருநாள் கீழே தலைகாட்டும்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்), "தண்ணியில எண்ணெ மெதக்குது, வந்து பாரு கண்ணு" என்று ஒரு அம்மா என்னை ஊற்றுக்கு அழைத்துப் போனார். வானவில் நிறத்தில் படலம் மிதந்தது உண்மைதான். கீழே கிடந்த குச்சியை எடுத்துக் கிழித்துப் பார்த்தேன். கண்ணாடி உடைந்த மாதிரி சில்லு சில்லாகப் பிரிந்து அப்படியே நின்றது. அது எண்ணெய் இல்லை, செம்மண் இரும்பில் வாழும் பாக்டீரியாவின் வேலை. பெட்ரோலோ டீசலோ என்றால் குச்சி போன தடம் உடனே கூடிவிடும். ஆனால் அதோடு திரும்பிவிடவும் கூடாது. எரிபொருள் கலந்து ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீரில் இரும்பு கூடுதலாகக் கரையும். அது வெளியே வரும் இடத்திலும் இதே படலம்தான் படரும். அதனால் அங்கேயும் ஒரு குப்பி எடுத்தே ஆக வேண்டும். மூக்கை நம்ப முடியாது. பெட்ரோலில் இருக்கும் நச்சான பென்சீனுக்கு, குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பென்சீன் வாசனையாகத் தெரிய அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

அப்புறம் பங்க்குக்கு ஏறி, டேங்கில் குச்சி விட்டு அளந்த இருப்பை எழுதும் டிப் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். கணக்கில் குறைகிறது என்பதற்காக உடனே கசிவு என்று எழுத வேண்டாம். கீழே வெயிலில் ஏற்றி வந்த 12,000 லிட்டர் பெட்ரோல் இங்கே தரைக்கடி டேங்கில் 15 டிகிரி குளிர்ந்தால், 200 லிட்டருக்கு மேல் சுருங்கிக் காணாமல் போகும். நான் பார்ப்பது, லோடு வராத நாட்களிலும் குறைகிறதா என்பதை. பழைய ஊழியரிடம் தனியாக டீ குடித்துக்கொண்டே கேளுங்கள்: முன்பு டேங்க் எங்கே இருந்தது, லாரி இறக்கும் வாய் எது, எந்த வருஷம் குழாய் மாற்றினார்கள் என்று. ரிஜிஸ்டரில் இல்லாதது அங்கே கிடைக்கும்.

துளை போடுவதற்கு முன் அனுமதிகளை முடியுங்கள். பங்க் வளாகத்துக்குள் என்றால் வெடிபொருள் பாதுகாப்பு விதிகள் உண்டு. மலையில் துளை போடும் ரிக் வண்டி ஏற்றுவதற்குத் தனியாக நிர்வாக அனுமதி வேண்டும். கேபிளும் எண்ணெய்க் குழாயும் எங்கே போகிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் முதல் ஒன்றேகால் மீட்டரைக் கையால்தான் தோண்டுவோம். அதற்குக் கீழே ஹேண்ட் ஆகர், அதாவது கையால் திருகி இறக்கும் துளைக்கருவி.

எடுத்த மண்ணை அரை மீட்டருக்கு ஒரு பிடி ஜிப் பையில் பாதி போட்டு மூடி, ஆவி சேர்ந்தபின் எரிபொருள் ஆவியை அளக்கும் மீட்டரின் முனையைச் செருகிப் படிக்க வேண்டும். ஊட்டியில் காலை எட்டு மணிக்கு இதைச் செய்தால் மீட்டர் பொய் சொல்லும். குளிரில் ஆவி கிளம்பாது. பையைச் சட்டைக்குள் வைத்தோ ஜீப்பின் உள்ளேயோ இருபது டிகிரி வரை வெதுவெதுப்பாக்கி, பிறகு படியுங்கள். மூடுபனியில் மீட்டரை வெளியே நீட்டவே வேண்டாம். ஈரம் ஏறினால் எண் தாறுமாறாக ஓடும்.

துளையில் பிவிசி குழாய் இறக்கிச் செய்யும் கண்காணிப்புக் கிணறு குறைந்தது மூன்று, ஒரே கோட்டில் இல்லாமல். மூன்றின் நீர்மட்டத்தையும் லெவல் வைத்து அளந்தால்தான் தண்ணீர் போகும் திசை தெரியும். இங்கே சார்னோகைட் என்ற இந்த மலையின் பாறை மக்கி மண்ணானாலும் பாறையின் பழைய வரிகளும் வெடிப்புகளும் அப்படியே இருக்கும். தண்ணீர் சரிவை விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துப் போய்விடலாம். பிவிசி குழாயில் தண்ணீர் நுழையும் துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்கட்டும். பெட்ரோல் மிதக்கும், துளை முழுவதும் தண்ணீருக்குள் இருந்தால் அது கிணற்றுக்குள் வராது. மேல்பகுதியை ஈரத்தில் ஊதும் பென்டோனைட் களிமண்ணால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் நேராக இறங்கும்.

தண்ணீர் எடுக்கும் நாளில் வண்டிக்கு எண்ணெய் போட்டுவிட்டு வராதீர்கள். குப்பியில் பர்மனென்ட் மார்க்கரால் எழுதாதீர்கள், பெட்ரோலில் இருக்கும் சைலீன் சில மார்க்கர்களின் மையிலேயே இருக்கும். கிணற்றுத் தண்ணீரை முதலில் கொஞ்சம் இறைத்துவிட்டு, 40 மில்லி குப்பியில் விளிம்புக்கு மேல் மேடாக நிற்கும்வரை மெதுவாக நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதுக் குப்பி. நடுங்கும் விரலில் நான் ஒரே கிணற்றில் நான்கு குப்பி வீணாக்கியிருக்கிறேன். கோயம்புத்தூருக்கு இறங்கும்போது சூடு ஏறிக்கொண்டே போகும், ஐஸ் பெட்டியில் நிறைய ஐஸ் போடுங்கள். கூடவே லேபில் நிரப்பிய சுத்தத் தண்ணீர்க் குப்பி ஒன்று போய்வரட்டும். அதில் பென்சீன் வந்தால் தப்பு பயணத்தில்தான்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். மண்ணிலுள்ள கிருமிகள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் சிதையாமல் இன்னும் தூரம் ஓடும். சரிவில் கொஞ்சம் தள்ளியும் பாருங்கள் என்பது இதனால்தான்.

எந்த மாதத்தில் எடுக்கிறோம் என்பதில்தான் நான் தவறினேன். அந்த ஹட்டிக்கு மேலே இருந்த பங்க்கில் நவம்பரில் மூன்று கிணறும் சுத்தம், ஊற்றும் சுத்தம். "பயமில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். மழையில் நீர்மட்டம் உயரும்போது எரிபொருள் மண் இடுக்குகளில் அடைபட்டு, தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொண்டு நிற்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மார்ச்சில் வேறு வேலையாகப் போனபோது சும்மா ஒரு கிணற்றைத் திறந்தேன். மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. தண்ணீர் மொள்ளும் குழலான பெயிலரைத் தூக்கினால் தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பெட்ரோல் தேங்கி நின்றது. பெட்டியை மூடாமலே சரிவில் இறங்கி, அந்த அம்மாவிடம் ஊற்றுக் குழாயை அடைக்கச் சொன்னேன். குப்பி நிரப்பியது அதற்குப் பிறகுதான்.