மிகுபுனைவுத் தொடரின் இறுதி நூலுக்கு வாசக எதிர்வினை எழுதும் முறை

ஒரு மிகுபுனைவுத் (ஃபேன்டஸி) தொடரின் இறுதி நூலைப் பற்றி எழுதுவது, தனி நாவல் ஒன்றைப் பற்றி எழுதுவதிலிருந்து வேறுபட்ட வேலை. தனி நாவல் தன் கணக்கைத் தானே தொடங்கித் தானே முடித்துக்கொள்கிறது. இறுதி நூலோ, முந்தைய நூல்கள் வாங்கி வைத்த கடனை அடைக்க வருகிறது. ஆகவே, பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்று தொடங்குவதற்கு முன்னால், எவற்றை எதிர்பார்க்கும் உரிமையை அந்த நூல்கள் நமக்குக் கொடுத்திருந்தன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ வாசகர் வட்டக் கூட்டத்திற்காகக் கட்டுரை எழுத உட்காரும் இளைஞர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான்.

இறுதி நூலைத் திறப்பதற்கு முன்பே ஒரு நோட்டில் இரண்டு பட்டியல்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆசிரியர் கொடுத்த வாக்குறுதிகள் ஒன்றிலும், உங்களுடைய சொந்த ஆசைகள் மற்றொன்றிலும் இடம்பெறட்டும். விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் செல்லும் நேரமே இதற்குப் போதுமானது. ஆனால் படித்து முடித்த பிறகு இதைச் செய்ய முயன்றால், நடந்து முடிந்ததையே தொடக்கத்திலிருந்து எதிர்பார்த்ததாக மனம் நம்ப வைத்துவிடும். 'ஹாரி பாட்டர்' வரிசையில் ஹாரியும் அவன் தோழி ஹெர்மயனியும் மணந்துகொள்ள வேண்டும் என்று ஒருவர் விரும்பியிருந்தால் அது ஆசை; அது நிறைவேறாததை நூலின் குறையாக எழுத முடியாது.

வாக்குறுதியைச் சோதிக்கும் முறையை அதே வரிசையை வைத்தே விளக்குகிறேன். அதை இன்னும் முடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

2007 ஜூலை 21 அன்று வெளிவந்த ஏழாம் நூலின் இறுதி மோதல், மிக வலிமையானதாகக் கருதப்படும் எல்டர் மந்திரக்கோல் யாருக்குக் கட்டுப்பட்டது என்ற ஒரே கேள்வியில் தங்கியிருக்கிறது. மந்திரக்கோல்தான் தனக்குரிய மந்திரவாதியைத் தேர்ந்தெடுக்கிறது என்று மந்திரக்கோல் செய்து விற்கும் ஒலிவாண்டர் முதல் நூலிலேயே சொல்லிவிடுகிறார். பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் கையிலிருந்த அந்தக் கோலை மாணவன் டிராக்கோ பறக்கச் செய்வது ஆறாம் நூலின் இறுதிப் பகுதியில் நடக்கிறது. உருவத்தை மறைக்கும் அங்கி, முதல் நூலின் கிறிஸ்துமஸ் காலையிலிருந்தே ஹாரியிடம் இருக்கிறது. ஆனால், இந்தக் கோலும் அங்கியும் உள்ளிட்ட மூன்று அரும்பொருள்கள் உண்டு என்ற கதையும், வென்றவனுக்கே கோல் விசுவாசம் மாறும் என்ற விதியின் முழு விளக்கமும் ஏழாம் நூலில்தான் நமக்குக் கிடைக்கின்றன. என்னுடைய தீர்ப்பைக் கேட்டால், அங்கியின் கணக்கு அழகாகத் தீர்ந்திருக்கிறது. கோலின் கணக்கு அவ்வளவு சுத்தமாகத் தீரவில்லை, ஏனென்றால் எதிரியின் முன்னால் நின்றுகொண்டு கதாநாயகனே அந்த விதியை வாய்விட்டு விளக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தீர்ப்பு வேறாக இருக்கலாம், ஆனால் எந்த நூலில் விதைக்கப்பட்டது, எந்த நூலில் அறுவடையானது என்பதைக் காட்டாமல் அதை எழுதாதீர்கள்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, உச்சக்கட்டத்திற்குப் பிறகு எவ்வளவு பக்கங்கள் மீதமிருக்கின்றன என்பது. 1955இல் வெளிவந்த டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் இறுதி நூலான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்'கில், கதையின் மையமான மோதிரம் அழிந்த பிறகும் ஆறு அத்தியாயங்கள் வருகின்றன. ஊர் திரும்பும் ஹாபிட்டுகள் என்ற குள்ள உருவ மக்கள், தங்கள் சொந்த மண்ணே அடாவடிக்காரர்களின் பிடியில் சிக்கியிருப்பதைக் கண்டு, அதை அவர்களாகவே மீட்கிறார்கள். இழுவை என்று ஒரே சொல்லில் இதை ஒதுக்குவது எளிது. அந்த மீட்பு, ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்தார்கள் என்ற கேள்விக்கான பதில் என்பதை உணர்ந்த பிறகும் இழுவை என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். 2003இல் வந்த திரைப்படத்தில் இந்தப் பகுதி இல்லை என்பதால், படத்தின் நினைவை நூலின் மீது ஏற்றிப் பேசாமலிருப்பதும் அவசியம்.

இறுதி நூலை வேறொருவர் எழுதி முடித்திருந்தால் அதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 'வீல் ஆஃப் டைம்' வரிசையை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் மறைந்த பின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் முடித்த கடைசி நூல் 2013இல் வந்தது. நடை மாறியிருப்பதைக் குறிப்பிடலாம். அதை மட்டுமே பேசினால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

நீங்கள் வாழும் இடம் உங்களுக்குக் கொடுத்த அறிவைக் கட்டுரைக்கு வெளியே நிறுத்திவிடாதீர்கள். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையின் மூன்றாம் நூலில் நெடிய கடற்பயணம் ஒன்றும், நடுக்கடலில் பெருந்தெப்பங்களிலேயே வாழும் மக்களும் வருகிறார்கள். காசிமேட்டில் படகையும் காற்றையும் பார்த்து வளர்ந்த ஒருவர் அந்தப் பக்கங்களில் எது நம்பும்படி இருக்கிறது, எது மேசையில் உட்கார்ந்து எழுதியதாகத் தெரிகிறது என்று சொன்னால், அந்த வரிகளுக்கு வேறு யாரும் தர முடியாத மதிப்பு உண்டு. நூலுக்குள் வட சென்னையைத் திணிக்க வேண்டியதில்லை. உங்கள் கண் எங்கே பழகியது என்று ஒரு வரியில் சொன்னால் போதும்.

கட்டுரையின் அமைப்பைப் பொறுத்தவரை, நம் பகுதியில் இத்தகைய நூல்கள் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படுவதை நினைவில் வைக்க வேண்டும். மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரே பிரதி பலரிடம் சுற்றும்போது, உங்கள் கட்டுரையைப் படிப்பவர் மூன்றாம் பாகத்தில் நின்றுகொண்டிருக்கக்கூடும். முதல் பகுதியில் கதைமுடிவைத் தொடாமல், இந்நூல் எந்தக் கேள்விகளோடு தொடங்குகிறது என்பதையும் உங்கள் ஒட்டுமொத்த மதிப்பீட்டையும் எழுதுங்கள். அதன்பின் முடிவு வெளிப்படப்போகிறது என்று தெளிவாக அறிவித்துவிட்டு, மேலே சொன்ன சோதனைகளுக்கு வாருங்கள். எல்லா வாக்குறுதிகளையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டாம். உங்களை மிகவும் பாதித்த இரண்டை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பேசுங்கள். கோபத்திலோ அழுகையிலோ எழுதிய முதல் வரைவைச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பது நல்லது, ஆனால் அதைக் கிழித்துவிட வேண்டாம். அதில் இருக்கும் ஓரிரு வாக்கியங்கள் பின்னர் எழுதும் எதையும்விட உண்மையாக இருக்கும்.

இறுதி நூல் என்று நாம் நம்புவது இறுதியாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. எர்த்ஸீயின் மூன்றாம் நூல் 1972இல் வந்தது. 1990இல் வந்த 'டெஹானு' எர்த்ஸீயின் கடைசி நூல் என்ற துணைத்தலைப்பையே தாங்கியிருந்தது. அதன் பிறகும் 2001இல் புதிய நாவல் ஒன்று வெளிவந்தது. ஆகவே, கட்டுரையின் அடியில் எழுதிய தேதியையும், நீங்கள் படித்த பதிப்பையும், அன்றுவரை அந்த வரிசையில் வெளிவந்திருந்த நூல்களையும் குறித்து வையுங்கள்.