கென்னடி கோப்புகளைப் படிக்க உட்காரும் முன்

2025 மார்ச் 18 அன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் அதிபர் ஜான் எஃப். கென்னடி கொலை தொடர்பாக 60,000க்கும் மேற்பட்ட பக்கங்களை இணையத்தில் ஏற்றியது. உடனே ஆளாளுக்கு ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு 'உண்மை வெளிவந்துவிட்டது' என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதில் சில பக்கங்கள் பல வருடங்களுக்கு முன்பே வெளியானவை. இந்தக் கொலை ஆவணங்களை வெளியிடச் சொல்லும் 1992 சட்டத்தின்படி இந்தக் கோப்புகள் தவணை தவணையாகத்தான் வந்துகொண்டிருக்கின்றன, கடைசிவரை மறைத்து வைத்திருந்தது பெரும்பாலும் இங்கே ஒரு பெயர், அங்கே இரண்டு வரி. ஆவணம் பழசு, அந்த வரிதான் புதுசு.

அந்த வரியைப் பிடிக்க, முதலில் ஆவண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பகுதியாக இருக்கும். 104 என்று தொடங்கினால் சிஐஏ (வெளிநாட்டு உளவு அமைப்பு), 124 என்றால் எஃப்பிஐ (உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பு), 180 என்றால் எழுபதுகளில் பிரதிநிதிகள் சபை அமைத்த விசாரணைக் குழு. அந்த எண்ணை, இந்தக் கோப்புகளைத் திரட்டி வைத்திருக்கும் மேரி ஃபெரல் அறக்கட்டளையின் தளத்தில் தேடி, பழைய பிரதி கிடைத்தால் புதியதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் 1961 ஜூன் 30 அன்று அவருக்கு எழுதிய குறிப்பு. சிஐஏவை எப்படி மாற்றி அமைப்பது என்பது விஷயம். அதில் ஒரு பெரிய பகுதி பல வருடங்களாக மறைந்தே இருந்தது. இப்போது படித்தால், கென்னடி பதவியேற்ற அன்று அமெரிக்கத் தூதரகங்களில் இருந்த அரசியல் அதிகாரிகளில் 47 சதவீதம் பேர் சிஐஏ ஆட்கள் என்று இருக்கிறது. டல்லாஸில் கென்னடியை யார் சுட்டார் என்பதற்கு இதில் பதில் கிடையாது. ஆனால் எதைக் காப்பாற்ற இவ்வளவு காலம் மறைத்தார்கள் என்பது புரிகிறது, எனக்கு இந்தக் கோப்புகளில் அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் சங்கேதப் பெயர்கள். 'கூபார்க்' என்றால் சிஐஏ, 'ஓடென்வி' என்றால் எஃப்பிஐ. 'அம்லாஷ்' மாதிரி 'அம்' என்று தொடங்குபவை கியூபா சம்பந்தப்பட்டவை, 'லியென்வாய்' மாதிரி 'லி' என்று தொடங்குபவை மெக்சிகோ. இந்த நாலைந்து தெரிந்தாலே பாதித் தந்திகள் வாய் திறக்கும்.

தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கென்னடி கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22க்கு முன்னால் எழுதியதா, பின்னால் எழுதியதா? பின்னால் வந்தவற்றில் யாரோ சொன்னதாக யாரோ எழுதிய தகவல் ஏராளம், அதை ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு போகக் கூடாது. முன்னால் எழுதியவர்களுக்கோ என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது, அதனால் அந்தத் தாள்களை நிதானமாகப் படிக்க வேண்டும். கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்ட் மெக்சிகோ நகரில் சோவியத் தூதரகத்தைத் தொடர்புகொண்டது பற்றி 1963 அக்டோபர் 10 அன்று சிஐஏ தலைமையகம் அனுப்பிய தந்தியில் அவர் பெயர் 'லீ ஹென்றி ஆஸ்வால்ட்' என்று இருக்கிறது. அவர் பெயர் லீ ஹார்வி. ஒரே ஒரு சொல்தான், ஆனால் அந்தத் தப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று தேடிப் போனால் அடுத்து படிக்க வேண்டியது தானாகக் கையில் வந்து சேரும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2025இல் வெளியான பக்கங்களில் உயிரோடு இருப்பவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள்கூட (அமெரிக்க அரசு தரும் தனிநபர் அடையாள எண்) மறைக்கப்படாமல் வந்துவிட்டன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அந்தப் பக்கத்தைப் பகிரும் முன் நீங்களே எண்ணை மறைத்துவிடுங்கள்.